தகப்பன் பெயருக்கான கட்டம்

முதல் மணி அடித்தாயிற்று. அரை மணி கழித்து இரண்டாம் மணி, அதற்கு அரை மணி கழித்து மூன்றாம் மணி, அதற்குள் இந்தத் தலையைச் சீவி முடித்து இவளுக்கு ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். சீப்பை வைத்து இழுத்தால் முடி கொத்தாக வருகிறது. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் கொட்டத்தான் செய்யும், திரும்ப முளைக்கும், பயப்படாதே என்று இந்த இல்லத்துக்கு வந்த தாய்மார் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், இவளிடமும் சொல்லியாயிற்று. உதிர்ந்ததை விரலில் சுற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்கிறேன். சுகிர்தா எனக்கு முதுகைக் காட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு இன்றைக்கு ஞானஸ்நானம். பெனினாள் என்று பெயர், இவளே தேர்ந்தெடுத்தது. ஆராதனைக்கு முன்னால் கோயிலின் பக்கத்து அறையில் ஏசுவடியான் உபதேசியார் பெரிய ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு கேட்பார். பிள்ளை பேரு. தாய் பேரு. தகப்பன் பேரு. அந்த மூன்றாவதுக்கு இவள் தெரியாது என்று சொல்ல வேண்டும். அதை நான் சொல்லிக்கொடுப்பதாகச் சபைச் செயலாளரிடம் தலையாட்டியிருக்கிறேன். இவளுக்குத் தெரியும், யாருக்குத்தான் தெரியாது, செயலாளர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போன பிள்ளை, செயலாளர் மகன் கிங்ஸ்டன். அந்தப் பெயரைச் சொல்லாதே என்று நான் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை விட்டு உச்சியில் வைக்கிறேன், சூடாக இருக்கிறது உச்சி. "வலிக்காட்டி?" என்று கேட்கிறேன். "இல்லக்கா" என்கிறாள். எது கேட்டாலும் இல்லக்கா. வந்த அன்றைக்கும் அப்படித்தான், சாப்பிட்டியா, இல்லக்கா, யாராவது தேடி வருவாங்களா, இல்லக்கா.

புதன்கிழமை வந்தார் செயலாளர். செருப்பை வாசலில் கழற்றினார், எப்போதும் கழற்றாத மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார், ஓதம் ஏறிப் பொரிந்து கிடக்கிற சுவர், ஓட்டில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் கீழே வாளி வைத்திருக்கிறோம். "கட்டிடம் பழசாயிட்டு, என்ன எமீமாளு. கமிட்டியில வேற ஒரு யோசனை ஓடுது. நாந்தான் தள்ளிப்போட்டுட்டு வாரேன்." கருப்பட்டிக் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். "வார மாசம் கிங்ஸ்டனுக்குக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். நல்ல எடம். இந்த நேரத்துல ரெஜிஸ்டர்ல ஒண்ணு ஏறிச்சுன்னா அழிக்க முடியாது, உனக்குத் தெரியாததா. நீ அன்னைக்குச் சொன்னதை அவளுக்கும் சொல்லிக்குடு." நீ அன்னைக்குச் சொன்னதை. எவ்வளவு மெதுவாகச் சொன்னார், கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். தானாக ஆடியது, அந்தத் தலையை நான் எங்கே கொண்டு போய் வைக்க. அடுப்படியில் கனகு நின்று கேட்டிருக்க வேண்டும், அவர் போனதும் வந்து காப்பித் தம்ளரை விரல் நுனியால் தூக்கிப் போய்ச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். "எச்சி போகணும்லா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எண்ணிக்கொண்டிருந்தேன், கனகு, கனகின் இரண்டு பிள்ளைகள், கை வெந்து வந்த லில்லிபுஷ்பம், பேச்சு வராத பையனோடு வந்த ராகேல், எண்ணிக்கொண்டே போனால் பதினோரு தாய்மார், பதினேழு பிள்ளைகள், இந்த ஓட்டுக்குக் கீழே. ஓடு கமிட்டியுடையது, நிலம் கமிட்டியுடையது, கிணறு மட்டும் நாங்கள் தோண்டியது, அதிலும் உப்புத் தண்ணீர்.

சிக்கு ஒன்று விழுந்திருக்கிறது காதுக்குப் பின்னால். சீப்பை விட்டுவிட்டு விரலால் பிரிக்கிறேன். எனக்கு இப்படி யாரும் பிரித்துவிடவில்லை, அன்றைக்கு என் தலையில் பனை ஓலைத் தூசி இருந்தது. இருபத்தேழு வருஷம். அதே வீட்டில்தான் நானும் வேலைக்கு நின்றேன், இந்தச் செயலாளரின் அண்ணன் தங்கையா அப்போது கல்யாணமாகாதவர், நான் பத்தொன்பது வயது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போனபின் வீடு காக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்திவிடுவார்கள், அவருக்கும் ஞாயிறு தவறாமல் தலைவலி வரும். நாலாம் மாதம் வயிறு தெரிந்ததும் வெளியே போ என்றார்கள். அம்மா கதவைத் திறக்கவில்லை, திறந்தால் அப்பா அவளையும் சேர்த்து அடிப்பார், கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் பத்து நாள். அப்புறம் தேரிக்காட்டில் பதநீர் காய்ச்சுகிற ஒரு விடிலி, பருவம் முடிந்து ஆள் போய்விட்டிருந்த ஓலைக் குடிசை, அடுப்புச் சாம்பல் பக்கத்தில் செம்மணல் மேலேதான் பெற்றேன். சும்மாடு கட்டிக்கொண்டு சுள்ளி பொறுக்க வந்த ஒருத்தி கொப்பூழ்க்கொடியை அரிவாளால் அறுத்தாள், பெயர்கூடக் கேட்கவில்லை நான், அவளும் என் பெயரைக் கேட்கவில்லை. அன்று முழுதும் காற்று, மணல் பறந்து பிள்ளையின் கண்ணில் விழக் கூடாதென்று முட்டியும் கையும் ஊன்றி அவன் மேல் கூடாரம் மாதிரி கவிந்து கிடந்தேன், கர்த்தாவே இவன் பிழைத்தால் என்னைப் போல ஒருத்திக்காவது நான் கூரை போடுவேன் என்று சொன்னேன். அது பொருத்தனை. அது மெய்யாகச் சொன்னது. அதைப் பற்றி எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை, அதற்கு அப்புறம் சொன்னதில்தான். நாற்பது நாள் கழித்துப் பிள்ளையைக் கொண்டுபோனேன், ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போனால் என்ற பயத்தில். அப்போதெல்லாம் பக்கத்து அறை கிடையாது, சபைக்கு முன்னால் நிற்க வேண்டும், முக்காடு போட்டு, முந்நூறு பேர் பார்க்க. முந்தின நாள் தங்கையாவின் அப்பா ஆள் அனுப்பினார். பழைய பள்ளிக்கூடம் சும்மா கிடக்கு, நீ இருந்துக்கோ, உன்னை மாதிரி யாரும் வந்தா அவங்களும் இருந்துக்கட்டும், நாளைக்கு நாக்கை அடக்கிக்கோ. நான் கேட்ட கூரை அது. நான் கேட்டதையே அவர் வாயில் போட்டு அனுப்பியது யார், கர்த்தரா, வேறு யாருமா, இருபத்தேழு வருஷமாக இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன், இதற்கு மேல் போக முடிவதில்லை. தகப்பன் யார் என்று போதகர் கேட்டார். தெரியாது என்றேன். பெண்கள் பக்கம் ஒரு இரைச்சல், மழை ஓட்டில் விழுகிற மாதிரி. தெரியாதாம், தெரியாதாம். ஒருத்தன் பேரைச் சொன்னால் ஒருத்தனிடம் கெட்டவள், தெரியாது என்றால் எத்தனை பேரோ. முதல் பெஞ்சில் தங்கையா பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துப் பாடத் தயாராக இருந்தார், நல்ல குரல் அவருக்கு.

கூரை என்றால் என்ன கூரை. பாதி இல்லை. உள்ளே பனங்கருக்குமட்டையும் ஓலையும் குவித்திருந்தார்கள், அள்ளி எறிய எட்டு நாள், எட்டாவது நாள் அடியிலிருந்து இரண்டு கட்டுவிரியன். பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு மண் குழைத்துச் சுவருக்குப் பூசினேன். முதல் ஐப்பசி மழையில் பூசினதெல்லாம் கரைந்து இறங்கியது, மறுபடி பூசினேன். முதலில் வந்தவள் லில்லிபுஷ்பம், கருப்பட்டிக்குக் கொதிக்கிற கூப்பதநீர்ப் பாகைப் புருஷன் அவள் கையில் ஊற்றியிருந்தான், தோல் உறை மாதிரி கழன்று தொங்கியது, மடியில் ஒரு வயதுப் பிள்ளை. கஞ்சி இருந்தது, இரண்டாகப் பங்கிட்டோம். அன்றைக்கு ஆரம்பித்த காலை ஜெபம் இன்றைக்கு வரை ஒரு நாளும் நின்றதில்லை, காய்ச்சலில் கிடந்த நாளும், ராகேலின் மூத்த பிள்ளை செத்த நாளும். ஊர் பெயர் வைத்தது, எமீமாள் பட்டி. ஆடு அடைக்கிற பட்டி. கிணற்றடியில் ஒருவன் லில்லிபுஷ்பத்திடம் கேட்டான், பட்டியில பால் கிடைக்குமாட்டி என்று. வெந்த கையால் அவனை அறைந்தாள், அறைந்துவிட்டு வலி தாங்காமல் அவளே உட்கார்ந்து அழுதாள். வாசலில் நாங்கள் எழுதிய பெயர் கிருபை இல்லம். வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் என்னைச் சாட்சி சொல்ல எழுப்புவார்கள், இந்த வீட்டைக் கர்த்தர் எனக்குத் தந்தார் என்று சொல்லுவேன், ஆமென் என்பார்கள், முதல் பெஞ்சிலிருந்தும் ஆமென் வரும். தங்கையா போய்விட்டார், கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைச் சலவைக்கல். அதைத் தாண்டித்தான் குடிதண்ணீருக்கு ஊர்க் கிணற்றுக்குப் போக வேண்டும். குடம் இடுப்பில் இருக்கும், நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், ஆனால் பார்க்கவில்லை என்பது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும்.

பிள்ளை பாலை விட்டுவிட்டுத் தூங்குகிறது. சுகிர்தா தோளில் போட்டுத் தட்டுகிறாள், பிள்ளையின் முகம் என் பக்கம் வருகிறது, இடது காது. மேல் மடல் உள்ளே மடிந்து, யாரோ கிள்ளிவிட்ட மாதிரி. என் மகன் தியோடருக்கும் இதே காது. பிறந்த அன்றே பார்த்தேன், மணல்தான் ஒட்டியிருக்கிறது என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தங்கையாவுக்கு இருந்தது, செயலாளருக்கு இருக்கிறது, கிங்ஸ்டன் முடியை வளர்த்து மறைத்திருக்கிறான். இந்தப் பிள்ளை என் மகனுக்கு எந்த முறை, சித்தப்பா மகனின் பிள்ளை, தம்பி மகள்தான், அவனுக்கு ஒரு சொந்தம் என் மடிக்கு ஒரு அடி தூரத்தில் ஏப்பம் விடுகிறது, அவனுக்கு அது தெரியாது. தெரியாது. மூன்று வருஷம் முன்னால் அவனுக்குப் பெண் பேசினோம். பெண் வீட்டுச் சபையில் ஓலை வாசிக்க ஞானஸ்நானச் சீட்டு கேட்டார்கள், மூன்று ஞாயிறு இன்னார் மகன் இன்னாருக்கும் என்று வாசிக்க வேண்டுமே, இன்னார் மகன். உபதேசியார் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலியாக விட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், கோடு போட்டிருப்பார்கள் என்று. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில், தெரியாது, என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதிவைத்திருக்கிறார்கள். பெண்ணின் தகப்பனார் சீட்டை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார், காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். தியோடர் வீட்டுக்கு வந்து அதை என் மடியில் வைத்தான். "அம்மா, எனக்குச் சொல்லாட்டியும் பரவால்ல. ஒனக்காவது தெரியுமா?" சொல்லியிருக்கலாம். அடுப்படியில் ஒன்பது பேர் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள், தட்டுச் சத்தம் கேட்டது, ஒரு பிள்ளை உப்பு கேட்டது. "தெரியாதுப்பா" என்றேன். சபைக்கு முன்னால் சொன்னதைக் கர்த்தர் மன்னித்திருப்பார், அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, மடியில் பிள்ளை. இது நாற்பத்து மூன்று வயதில், சொந்த வீட்டில், என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து. குஜராத்தில் ஏதோ துறைமுகத்தில் இருக்கிறான். முதல் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டான், சாப்பிட்டியா என்றான். அடுத்ததற்கு இல்லை.

இரண்டாம் மணி. நடுவில் ஒரு அடி தவறுகிறது, கயிறு நனைந்திருக்கும். பின்னி முடித்து ரிப்பன் கட்டியாயிற்று, இனிச் சீவ ஒன்றுமில்லை, கை மட்டும் பின்னலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சொல்லிவிடு. உபதேசியார் கேட்டால் தெரியாதுன்னு சொல்லிருட்டி, இவ்வளவுதானே, மூச்சு விடும் நேரம். இவள் இல்லக்கா என்று சொல்லமாட்டாள், சரிக்கா என்பாள், அதுதான் பயமாக இருக்கிறது. இந்த வீட்டுக் கஞ்சியைக் குடித்தவள் இந்த வீட்டுக்காரி சொன்னதை மறுப்பாளா. தங்கையாவின் அப்பா எனக்கு ஆள் அனுப்பினார், செயலாளர் இவளுக்கு என்னை அனுப்புகிறார். நான் அந்த ஆளா. அந்த ஆள் முகம்கூட நினைவில் இல்லை, வெள்ளை வேட்டி, கையில் குடை, சொல்லிவிட்டு மழைக்கு முன்னால் போகணும் என்று அவசரப்பட்டான். "சுகிர்தா." "என்னக்கா." "உபதேசியார் தகப்பன் பேரு கேப்பாரு." "ம்." "என்ட்டயும் கேட்டாங்க, முன்ன. தெரியாதுன்னு சொன்னேன்." அவள் திரும்பவில்லை. பின்னல் என் கையில் இருப்பதால் திரும்ப முடியவில்லை போல, விட்டேன். அப்போதும் திரும்பவில்லை. "தெரிஞ்சுதான் சொன்னேன். இந்த வீடு அதுக்குக் கெடச்சது. தியோடர் போனது அதுக்குத்தான்." இதை நான் உரக்கச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது. இருபத்தேழு வருஷம் ஜெபத்தில்கூட நான் இதை இந்த வரிசையில் சொன்னதில்லை. சுகிர்தா பிள்ளையின் வாயைத் துடைத்தாள், கழுத்து மடிப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். "நான் என்ன சொல்லணுங்கீங்க அக்கா?" கேட்டுவிட்டாள். சொல்லு எமீமாள். எது சொன்னாலும் அவள் சொல்வாள். பெயரைச் சொல் என்றால் அதையும் எனக்காகத்தான் சொல்வாள், அதுவும் இன்னொரு தெரியாதுதான். "எனக்குச் சொல்லத் தெரியலட்டி" என்றேன். "நான் சொன்னா வீடு போயிருமா?" "போவும்." "தெரியாதுன்னா இருக்கும்." "இருக்கும்." அடுப்படி வாசலில் கனகு வந்து நின்றாள், இடுப்பில் சின்னவன், கையில் அகப்பை. "நல்ல நாள் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு. போங்க, போதகரு பிரசங்கத்துல தூங்காம வாங்க, அது போதும்" என்றாள். அவள் குரல் நேராக இல்லை. கேட்டிருக்கிறாள். லில்லிபுஷ்பம் அவளுக்குப் பின்னால் இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவளிடம் கர்த்தர் தந்த வீடு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

கோயிலுக்கு இருநூறு எட்டு இருக்கும். தூறல், பிள்ளை நனையாமல் நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன், ஒரு எட்டுக்கு ஒரு எண்ணம், இவள் தெரியாது என்று சொல்லட்டும், கர்த்தாவே சொல்லட்டும், இல்லை, அதைக் கேட்காதே, கேட்டதைக் கொடுத்துவிடுகிறவர் அவர். அவளாகச் சொன்னால் என் மேல் பழி இல்லை. அதுவும் வந்தது அந்த எண்ணம், நான் விரட்டவில்லை, கூடவே நடந்தது. செயலாளரின் கார் வேப்பமரத்தடியில் நின்றது. பக்கத்து அறையில் உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார், முதலில் பிள்ளையை, அப்புறம் என்னை, லேசாகத் தலையசைத்தார், எல்லாம் பேசி முடித்தது மாதிரி. நல்ல மனிதர். எனக்கு மழைக்குக் கீற்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "பிள்ளை பேரு?" "பெனினாள்." "தாய் பேரு?" "சுகிர்தா." எழுதினார். "தகப்பன் பேரு" என்றார், அது கேள்வி மாதிரி இல்லை, அடுத்த எழுத்தை எழுதப் பேனா ஏற்கெனவே கட்டத்தில் இறங்கியிருந்தது. சுகிர்தா என்னைப் பார்க்கவில்லை. ரேஷன் கடையில் பெயர் சொல்கிற குரலில் சொன்னாள். "கிங்ஸ்டன். அவங்க அப்பா பேரும் வேணுமா?" பேனா நின்றது. உபதேசியார் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக. "எமீமாளு. நீ பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கலியா?" சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் நகர்கிற சத்தம், யாரோ இருமினார்கள், அது செயலாளரின் இருமல். இந்தச் சின்னவள் கனகையும் லில்லிபுஷ்பத்தையும் தெருவில் நிறுத்தினாள் என்று நாளைக்கு ஊர் சொல்லும், பதினோரு பேரில் சிலரும் சொல்வார்கள், இவள் பத்தொன்பது வயதில் அதைச் சுமப்பாள். "சொல்லிக்குடுத்தேன் உபதேசியாரே. நான் சொல்லிக்குடுத்ததத்தான் அவ சொல்லுதா." சுகிர்தா சட்டென்று திரும்பினாள். நான் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினேன், பேசாதே என்று. "யோசிச்சுக்கோ" என்றார் அவர், மிகவும் மெதுவாக, "மழைக்காலம் ஆரம்பிச்சிருக்கு." யோசித்தாயிற்று என்று சொல்லவில்லை நான், பொய்யாகப் போகும், யோசிக்கிற இடத்துக்கு இன்னும் வரவே இல்லை. சாயங்காலம் எங்கே அடுப்பு மூட்டுவது, ராகேலின் பையன் புது இடமென்றால் மூன்று நாள் கத்துவான், லில்லிபுஷ்பத்திடம் எந்த முகத்தோடு போய் நிற்பது, இவ்வளவுதான் தலைக்குள் இருந்தது. "எழுதுங்க" என்றேன். எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, எப்போதும் போல அழகாக. முடித்ததும் வழக்கம்போல ரெஜிஸ்டரை மூடப் போனார். மூடினால் ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டி இழுகிவிடும், படிக்க முடியாமல் போனால் அப்புறம் யார் என்ன சொன்னாலும் சொன்னதுதான். எழுத்தில் படாமல் பக்கத்தின் ஓரத்தில் என் உள்ளங்கையை வைத்துத் தடுத்தேன். மூன்றாம் மணி அடிக்க ஆரம்பித்தது. "நீங்க போங்க. பிள்ளையையும் அவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க, ஞானஸ்நானம் நடக்கட்டும்" என்றேன். "நீ?" "இது காயட்டும். ஈரக் காத்து, நேரமாகும். காயுறவரைக்கும் நான் இங்கயே நிக்கேன்."